அத்தியாயம் 6: தலைவர் இல்லாத குழுவில் பொறுப்பைப் பங்கிடுவது

உங்கள் ஊர் ஏரியைக் காக்க இருபது பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலேயே "நமக்குத் தலைவர், செயலாளர் எதுவும் வேண்டாம், எல்லோரும் சமம்" என்று பேசி முடித்தாயிற்று. நல்ல தொடக்கம். நான்கு மாதம் கழித்துப் பாருங்கள். நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பேசுவது ஒரே ஆள். நன்கொடை வந்து சேர்வது அவருடைய ஜிபே எண்ணில். ஜேசிபி வாடகையைப் பேசுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா இல்லையா என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும். பதவி எதுவும் இல்லாததால் அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. "இனி வேறொருவர் பார்க்கட்டும்" என்று சொல்லவும் வழியில்லை. பெரும்பாலும் அவர் கெட்டவராக இருக்க மாட்டார். மற்றவர்கள் விட்ட வேலையையெல்லாம் சுமந்து களைத்துப்போனவராகவே இருப்பார்.

அமெரிக்கப் பெண்விடுதலைக் குழுக்களில் இதே நிலையைக் கண்ட ஜோ ஃப்ரீமன் என்பவர் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். அது 1972-இல் அச்சானது. அமைப்பே வேண்டாம் என்று சொன்ன குழுக்களில் நட்பு வட்டங்கள் சத்தமில்லாமல் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டன என்பது அவர் கண்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மாறவில்லை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய கோட்பாடு இவ்வளவுதான்: வழிநடத்துபவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அந்தப் பொறுப்பு எல்லோர் கண்ணிலும் படுவதாக, அளவுடையதாக, கெடு வைத்ததாக, கணக்குச் சொல்லக் கடமைப்பட்டதாக இருக்க வேண்டும். அதைச் செய்யும் வரிசையைக் கீழே தருகிறேன்.

முதலில் ஒரு பட்டியல்

விதிகள் எழுதும் முன் இப்போது யார் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாலை போதும்.

1. கரும்பலகையிலோ சார்ட் தாளிலோ குழுவின் சாவிகளை எல்லாம் எழுதுங்கள்: வங்கிப் புத்தகம், பணம் வரும் கைபேசி எண், வாட்ஸ்ஆப் அட்மின், மின்னஞ்சல் கடவுச்சொல், கருவிகள் வைத்திருக்கும் அறையின் சாவி, அதிகாரிகளின் தொடர்பு, செய்தியாளர்களிடம் பேசுவது, கூட்டத்துக்கு நாள் குறிப்பது.
2. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை இப்போது வைத்திருப்பவரின் பெயரை எழுதுங்கள்.
3. ஒரே பெயர் மூன்று இடத்துக்கு மேல் வந்தால் அதை வட்டமிடுங்கள்.
4. ஒரு இடத்தில்கூடப் பெயர் வராதவர்களைத் தனியே எழுதுங்கள். அவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்று பாருங்கள்.

குறிப்பு: வட்டமிட்ட பெயருக்கு உரியவரிடம் இதை முந்திய நாளே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் திடீரென்று பெயரை வட்டமிட்டால் அவர் அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வார். இந்தப் பட்டியலை அவர் கையாலேயே எழுதவைப்பது இன்னும் நல்லது.

வேலைக்குத்தான் அதிகாரம்

தமிழ்நாட்டு ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றொரு பொறுப்பு உண்டு. சில வட்டாரங்களில் நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்பார்கள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதில் அவர் சொல்வதே முடிவு. பெரிய நிலக்காரரும் தாமாக மடையைத் திறக்க முடியாது. ஆனால் அந்த அதிகாரம் தண்ணீர்ப் பங்கீட்டோடு முடிந்துவிடும். அவரை வைத்ததும் ஊர்தான், கூலியாக நெல் அளந்ததும் ஊர்தான். பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். தண்ணீரில் அவர் சொல் செல்லும், ஊர்ச்சபையில் செல்லாது என்ற அநீதியை நாம் சுமந்து வர வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: அதிகாரத்தை ஆளோடு கட்டாமல் வேலையோடு கட்டிய முறை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்புச் சீட்டு எழுதுங்கள். அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

1. வேலை என்ன. ("வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் அகற்றுவது.")
2. யாரையும் கேட்காமல் அவரே முடிவு செய்யக்கூடியவை. ("வேலை நாள், நேரம், ஆட்களைப் பிரிப்பது.")
3. கேட்காமல் செலவழிக்கக்கூடிய தொகை. ("ஒரு முறைக்கு ரூ.2,000 வரை.")
4. கட்டாயம் கேட்க வேண்டியவை. ("இயந்திரம் அமர்த்துவது, வெட்டிய மரத்தை விற்பது.")
5. எந்தத் தேதி வரை.
6. கூடவே இருந்து கற்றுக்கொள்ளும் துணைப் பொறுப்பாளர் யார்.

இரண்டாவது வரியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். "எல்லாவற்றையும் கலந்து பேசிச் செய்யலாம்" என்று விட்டால், மண்வெட்டிக்குக் காம்பு வாங்கக்கூட வாட்ஸ்ஆப்பில் நாற்பது செய்திகள் ஓடும். பொறுப்பேற்றவர் சலித்துப்போவார், அல்லது யாரையும் கேட்காமல் செய்யத் தொடங்குவார். கொடுத்த எல்லைக்குள் அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் நடுவில் மாற்றாதீர்கள். தேதி முடிந்ததும் பேசுங்கள்.

எந்த முடிவு எங்கே

முடிவுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவரே எடுப்பவை: பொறுப்புச் சீட்டில் உள்ளவை.

மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழு எடுப்பவை: ஒரு மாதத்துக்குள் முடிகிற, தவறினால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலைகள். எந்தக் கரையில் பனை விதை ஊன்றுவது என்பது இதில் சேரும்.

எல்லோரும் கூடி எடுப்பவை: திரும்பப் பெற முடியாதவை, பெரிய தொகை சம்பந்தப்பட்டவை, குழுவின் பெயரில் வெளியே பேசுபவை, ஒருவரைச் சேர்ப்பது, நீக்குவது. ஆக்கிரமிப்பு குறித்து ஆட்சியரிடம் மனுக் கொடுப்பது இந்த வகைதான். அதன் விளைவை ஊரில் வாழும் எல்லோரும் சுமக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகைக்குக் கூட்டம் நடத்தும் வரிசை:

1. முன்மொழிவை எழுதி, கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்புங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்லட்டும்.
2. கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசியுங்கள். முதலில் சந்தேகங்கள் மட்டும். கருத்துச் சொல்ல இது நேரமில்லை.
3. ஒரு சுற்று: எல்லோரும் வரிசையாக இரண்டு நிமிடம் பேசட்டும். இளையவர், புதியவர், வழக்கமாகப் பேசாதவர் ஆகியோரிலிருந்து தொடங்குங்கள். ஊரில் மதிப்புள்ள பெரியவர் முதலில் பேசிவிட்டால் அதன்பிறகு கேட்பதெல்லாம் அவர் கருத்தின் எதிரொலிதான்.
4. ஆட்சேபனைச் சுற்று. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஆட்சேபனை ஆகாது. "இதைச் செய்தால் குழுவுக்கோ ஏரிக்கோ இன்னாருக்கோ இன்ன கெடுதி வரும்" என்று காரணம் சொன்னால் அது ஆட்சேபனை. நெதர்லாந்தில் கெரார்ட் எண்டன்பர்க் 1970-களில் தன் நிறுவனத்தில் வளர்த்தெடுத்த முறை இது. எல்லோரும் ஆசைப்பட வேண்டும் என்று காத்திருக்காமல், காரணமுள்ள தடை இல்லை என்றால் நகரலாம்.
5. ஆட்சேபனைக்கு ஏற்ப முன்மொழிவைத் திருத்துங்கள்.
6. இரண்டு கூட்டமாகியும் முடியவில்லையா? நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆதரவு இருந்தால் நிறைவேற்றுங்கள். எதிர்த்தவர்களின் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கத் தேதி குறியுங்கள்.

கூட்டத்தை நடத்துபவர் அன்றைய விவாதத்தில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்தப் பொருள் முடியும்வரை வேறொருவரை நடத்தச் சொல்லிவிட்டு வரிசையில் போய் உட்காரட்டும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது. வாட்ஸ்ஆப்பில் வந்த கட்டைவிரல் படங்களை எண்ணித் தீர்மானம் போடுவது. இவற்றைவிட மோசமானது, கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில் நான்கு பேர் நின்று முடிவை மாற்றுவது. டீக்கடைப் பேச்சைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அங்கே தோன்றிய யோசனை அடுத்த கூட்டத்துக்கு முன்மொழிவாக வர வேண்டும் என்பதை மட்டும் விதியாக வையுங்கள்.

சுழற்சி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆளெடுத்த விதிகளைச் சொல்கின்றன. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலை எடுத்ததுதான் நமக்கு நினைவிருக்கும். நமக்கு உதவுபவை அதன் தகுதி விதிகள். பொறுப்பு 360 நாளுக்கு மட்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்த சபை அது. அதைச் சமத்துவத்துக்கு முன்மாதிரியாகக் காட்ட முடியாது. ஆனாலும் கணக்கையும் உறவையும் பதவிக்காலத்தையும் ஒரே விதியில் கட்டிய தெளிவு இன்றைய பல சங்கங்களில் இல்லை.

உங்கள் குழுவுக்கு:

1. கூட்டம் நடத்துவது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆள் மாறலாம். சீட்டுக் குலுக்கிப் போட்டாலே போதும்.
2. தீர்மானம் எழுதுவது: மூன்று மாதம்.
3. அதிகாரிகளோடு தொடர்பு: ஆறு மாதம். எப்போதும் இருவராகப் போக வேண்டும். ஒருவர் பழையவர், ஒருவர் புதியவர்.
4. கணக்கு: ஓராண்டு. அதற்கும் குறைவாக வைத்தால் யாருக்கும் கணக்கு பிடிபடாது.
5. எல்லாப் பொறுப்பையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் குழுவில் எப்போதும் பாதிப் பேர் பழகியவர்களாக இருப்பார்கள்.
6. கணக்கை ஒப்படைக்காமல் அடுத்த பொறுப்பு கிடையாது. உத்திரமேரூர் விதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சுழற்சிக்கு எதிராக வரும் வாதம் எப்போதும் ஒன்றுதான்: "அவரைப்போல யாராலும் செய்ய முடியாது." உண்மையாகவே இருக்கலாம். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இதைப் பார்க்கலாம். ஊக்குநர் (குழுவை வழிநடத்துபவர்) மாறாமலே இருக்கும் குழுவில் வங்கி மேலாளரோடு பேசத் தெரிந்தவர் பத்தாண்டு கழித்தும் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குத் திறமை இல்லாததால் அவர் தொடர்கிறாரா, அவர் தொடர்வதால் மற்றவர்களுக்குத் திறமை வரவில்லையா? பொறுப்பை மாற்றிப் பார்த்தால்தான் விடை தெரியும். துணைப் பொறுப்பாளர் என்று ஆறாவது வரி வைத்தது இதற்காகத்தான்.

பணம்: பாதுகாப்பு விதிகள்

இங்கே தளர்வு வேண்டாம்.

- நன்கொடை எந்தத் தனிநபரின் எண்ணுக்கும் வரக் கூடாது. இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். அந்த இருவர் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது.
- ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. செலவுக்கு வவுச்சர். மாத வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் கைபேசி இல்லாதவரும் பார்க்கும்படி ஊரில் ஒரு பலகையில் ஒட்டுங்கள்.
- வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் அன்போடு அனுப்பினாலும், 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாமல் வாங்காதீர்கள். தொகை சிறிதென்றாலும் விதி ஒன்றுதான்.
- சங்கமாகப் பதிய விரும்பினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 குறைந்தது 7 பேரைக் கேட்கும். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். சட்டத்துக்காகப் பெயர் கொடுத்தவர்கள் நாளடைவில் நிஜத் தலைவர்களாகிவிடுவது வழக்கம். அந்தப் பெயர்களும் சுழற்சிக்கு உட்பட்டவை என்று முதல் தீர்மானத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். துணைவிதிகளிலும் அதைச் சேர்த்துவிடுங்கள்.

எங்கே கூடுவது, யார் உட்காருவது

சமமான குழு என்பது சொல்லளவில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கூட்டம் நடக்கும் இடத்தைப் பார்த்தாலே போதும். கோயில் மண்டபத்திலோ, ஊர்த் தெருவில் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ கூடினால் காலனியிலிருந்து வருபவர் வாசலோடு நிற்பார், அல்லது வரவே மாட்டார். யாரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்கள். "கூப்பிட்டோம், வரவில்லை" என்று தீர்மானப் புத்தகம் சொல்லும்.

1. எல்லோரும் தயக்கமின்றி நுழையக்கூடிய பொது இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளி, நூலகம், ஊராட்சிக் கட்டடம், ஏரிக்கரை மரத்தடி.
2. மூன்றில் ஒரு கூட்டமாவது காலனிப் பக்கம் நடக்கட்டும்.
3. எல்லோருக்கும் நாற்காலி, அல்லது எல்லோருக்கும் தரை. சிலருக்கு மட்டும் நாற்காலி போடாதீர்கள்.
4. இரவு எட்டு மணிக் கூட்டம் பெண்களுக்கு ஆகாது. எந்த நேரம் தோதுப்படும் என்று அவர்களையே கேட்டு வையுங்கள். சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை, முறை வைத்து ஆண்களையும், நியமியுங்கள்.
5. டீ கொடுப்பது, பெருக்குவது, குறிப்பெடுப்பது ஆகியவை தொடர்ந்து பெண்கள் மேலேயே விழுகின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.
6. செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, கழிவு கலக்கும் வாயைச் சுத்தம் செய்வது போன்றவற்றைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், கையுறையும் பூட்ஸும் கொடுத்து. "அவங்களுக்குப் பழக்கம்" என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சாக்கடைக் குழிக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ யாரையும் இறக்கவே கூடாது. அது உயிர்போகும் வேலை, மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

பாலியல் தொல்லை, சாதி வசவு பற்றிய புகார்களைப் பொதுக் கூட்டத்தில் விவாதிக்காதீர்கள். புகார் வாங்க இருவரை முன்கூட்டியே நியமியுங்கள்; ஒருவர் பெண்ணாகவும், மற்றவர் குழுவுக்கு வெளியே இருப்பவராகவும் இருக்கட்டும். "ஊர் பேர் கெட்டுவிடும்" என்று சமாதானம் பேசுவது அவர்கள் வேலை இல்லை. பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம் போக விரும்பினால் கூடப் போவதுதான் அவர்கள் வேலை.

அவசர நேரம்

கரை உடையும்போது ஆட்சேபனைச் சுற்று நடத்த முடியாது. அதனால் அவசரத்துக்கான முடிவை அமைதியான நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது ஆயிரக்கணக்கானோர் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் இறங்கினார்கள். படகும் உணவும் மருந்தும் அரசு எட்டாத இடங்களையும் எட்டின. அதேவேளையில் வண்டி போக முடிகிற சாலையோரங்களில் பொட்டலங்கள் குவிந்தன, உட்புறத் தெருக்கள் காத்திருந்தன. கைகளுக்குப் பஞ்சமில்லை, எங்கே என்ன தேவை என்ற தகவல் ஓரிடத்தில் சேராததே குறை. செயலைப் பரவலாக்குங்கள், தகவலை ஓரிடத்தில் சேருங்கள்.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களுக்கும் தலைவர் இல்லை. உணவு, குடிநீர், குப்பை, போக்குவரத்து என எல்லாவற்றையும் ஆங்காங்கே நின்றவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தபோது, அதை ஏற்றுக் கலைவதா, நிரந்தரச் சட்டம் வரும்வரை இருப்பதா என்று அத்தனை பேர் சார்பிலும் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. 23-ஆம் தேதி காலையில் காவல்துறை வெளியேற்றத் தொடங்கியது. அன்று நடந்த தடியடிக்குக் கூட்டத்தைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் எதிர்த்தரப்போடு பேச வேண்டிய நாள் எந்தக் குழுவுக்கும் வரும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

1. அவசரப் பொறுப்பாளர் ஒருவர், மாற்று ஒருவர். பெயரை மழைக்காலத்துக்கு முன்பே எழுதுங்கள்.
2. எது நடந்தால் அவர் அதிகாரம் தொடங்கும் என்று வரையறுங்கள். ("மறுகால் பாயத் தொடங்கினால்.")
3. 72 மணி நேரத்தில் அந்த அதிகாரம் தானாக முடியும். நீட்டிக்கப் பாதிப் பேராவது சம்மதிக்க வேண்டும்.
4. ஏழு நாளுக்குள் செய்தது, செலவழித்தது முழுவதையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும்.
5. வெளியே பேச மூவர். எதை ஒப்புக்கொள்ளலாம், எதைக் கேட்டுவந்து சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

பாதுகாப்பு: மதகைத் திறப்பதும் கரையை வெட்டுவதும் தன்னார்வலர் வேலை இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். உங்கள் ஏரி யாருடையது என்று இப்போதே தெரிந்து, பொறுப்பு அதிகாரியின் எண்ணைப் பலகையில் எழுதுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. உடைப்பு என்றால் முதலில் தாழ்வான தெருக்களில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். மணல்மூட்டை அதற்குப் பிறகு.

எல்லை மீறினால்

பொறுப்புச் சீட்டை மீறி ஒருவர் நடந்தால் முதலில் இருவர் நேரில் போய்ப் பேசுங்கள். சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். பேச்சு ஆளைப் பற்றித் திரும்பாமல் எழுதியதைப் பற்றி நிற்கும். மறுபடி நடந்தால் கூட்டத்தில் வையுங்கள். மூன்றாம் முறை பொறுப்பைத் திரும்பப் பெறுங்கள். உறுப்பினராக அவர் தொடரட்டும். பணம் சம்பந்தப்பட்டது என்றால் இந்த மூன்று படி கிடையாது. அன்றே வங்கிக்கு எழுதிக் கையெழுத்தை நிறுத்துங்கள், பிறகு விசாரியுங்கள்.

தொடங்கியவர் ஒதுங்குவது

குழுவைத் தொடங்கியவர் நீங்கள்தான் என்றால் இது உங்களுக்கு. முதல் ஆண்டுக்குள் ஒரு மாதம் முழுக்க எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து, பங்குனி சித்திரை போல வேலை குறைந்த மாதமாகப் பாருங்கள்.

1. இரண்டு வாரம் முன்பே எல்லாச் சாவியும் கடவுச்சொல்லும் துணைப் பொறுப்பாளர்களிடம் போகட்டும். வாட்ஸ்ஆப்பில் குறைந்தது மூன்று அட்மின்கள் இருக்கட்டும். உங்களை நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள்.
2. அந்த மாதம் யாராவது அழைத்து "என்ன செய்யலாம்?" என்று கேட்டால், அந்தப் பொறுப்பில் இருப்பவரின் பெயரை மட்டும் சொல்லுங்கள். யோசனை சொல்லாதீர்கள். ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.
3. கூட்டத்துக்கு வரலாம். கடைசியாகப் பேசுங்கள்.
4. அந்த மாதத்தில் தடைபட்ட வேலைகளை மற்றவர்கள் குறித்துவைக்கட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையோ மே 1 கிராம சபையோ இடையில் வந்தால், ஏரி பற்றிய தீர்மானத்தை வேறொருவர் எழுந்து வாசிக்கட்டும்.
5. மாதம் முடிந்ததும் அந்தக் குறிப்பை வைத்து ஒவ்வொரு தடைக்கும் ஒரு பொறுப்புச் சீட்டும் ஒரு துணைப் பெயரும் எழுதுங்கள். பழைய பொறுப்புகளை அப்படியே உங்களிடம் திருப்பித் தர முன்வருவார்கள். ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் தேதி போட்டு.